எந்த மனு, எந்த ஜன்னல்? அரசு ஆவணமும் நீதிமன்ற நகலும் தேடுவோருக்கு

28-ஆம் நாள் வந்த பதில் மூன்றே வரி. நான் கேட்ட தீர்ப்பாணை நகல் நீதிமன்ற நடவடிக்கை சார்ந்த ஆவணம்; அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வழங்க இயலாது; உரிய விதிகளின்படி நகல் மனு செய்து பெற்றுக்கொள்ளலாம். கீழே பொதுத் தகவல் அலுவலரின் கையெழுத்து.

மனுவில் ஒட்டிய 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போனால் போகட்டும். போன ஒரு மாதம்தான் வலித்தது. அம்மாவின் பங்காக வந்த 42 சென்ட் நிலத்தை வைத்துக் கடன் கேட்டிருந்தோம். 1987-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் இல்லாமல் கோப்பு நகராது என்று வங்கியின் சட்ட ஆலோசகர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வீட்டுப் பெட்டியில் இருந்த பிரதியைக் கரையான் எப்போதோ தின்று முடித்திருந்தது.

அந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. நான் தட்டிய கதவுதான் தவறு. எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் இதே தவறைச் செய்திருக்கிறார்கள். அரசிடம் எந்தத் தாள் வேண்டுமானாலும் உடனே நினைவுக்கு வருவது தகவல் உரிமை மனுதான். 20 ஆண்டுகளில் அந்தச் சட்டம் மக்களின் வாயில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பொது ஆவணத்தை அடைய அது ஒரு வழி மட்டுமே. அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே திறந்த வழிகளும் உண்டு. அண்மையில் திறந்த இணைய வழிகளும் உண்டு. எந்தத் தாள், எதற்காக என்பதைப் பொறுத்து வழி மாறும். விவரம் தெரிந்தால் போதுமா, பிறர் முன் நிரூபிக்க வேண்டுமா, அல்லது அதிகாரியின் செயலைக் கேள்வி கேட்க வேண்டுமா என்பதை மனு எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

இணையதளம்: தேடலின் தொடக்கம்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் தமிழ்நாட்டில் இன்று வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல சார்பதிவகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் ஏறியிருக்கின்றன. தாலுகா அலுவலக வாசலில் நாள்முழுதும் நின்ற தலைமுறைக்கு இது சிறிய மாற்றம் இல்லை.

நீதிமன்றங்களுக்கு இ-கோர்ட்ஸ் தளமும் அதன் செயலியும் இருக்கின்றன. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அது கையில் இருந்தால் நாடு முழுவதும் எந்தக் கீழமை நீதிமன்ற வழக்கின் நிலையையும், அடுத்த வாய்தாவையும், பதிவேற்றப்பட்டிருந்தால் உத்தரவையும் பார்த்துவிடலாம். எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடுவதுதான் பாடு. தளத்தில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. வள்ளியம்மை என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள்: ஒரு ளகரமா இரண்டா, மகரம் ஒன்றா இரண்டா, கடைசியில் ஐகாரத்துக்கு எந்த எழுத்து. சின்னத்தம்பி ஆங்கில எஸ் எழுத்தில் தொடங்கினால் ஒரு பட்டியல், சி எழுத்தில் தொடங்கினால் வேறு பட்டியல். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் தட்டச்சு செய்தவரின் கையில். ஆகவே பெயர் கிடைக்கவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயரின் நடுவிலிருந்து நாலைந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஆண்டை ஒன்று முன்னும் ஒன்று பின்னும் மாற்றிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய குறை காலம் சார்ந்தது. கணினிமயமாவதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகளில் பெரும்பாலானவை அங்கே இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்தில் பழைய ஆவணங்களை எண்மமாக்குவதும் அடக்கம். அது நம் ஊர் நீதிமன்றத்தின் 1987-ஆம் ஆண்டு வழக்குக் கட்டுகளை எட்ட இன்னும் காலம் ஆகும்.

தீர்ப்புகளைப் படிக்க மட்டும் வேண்டும் என்றால் இணையத்தை மிஞ்ச வேறு வழி இல்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டு 2023 ஜனவரி முதல் இணையத்தில் இலவசம். அதற்கு 15 ஆண்டுகள் முன்பே, 2008-ல், இந்தியன் கானூன் என்ற தேடுதளம் தனிமனித முயற்சியாகத் தொடங்கி, சட்டம் படிக்காதவனும் தீர்ப்பைத் தேடிப் படிக்கலாம் என்ற நிலையை உருவாக்கியது. விலையுயர்ந்த தீர்ப்புத் தொகுதிகளை வாங்க வழியில்லாத மொஃபசல் வழக்கறிஞர்கள் எத்தனையோ பேருக்கு அது நூலகமாக இருக்கிறது. புள்ளிவிவரம் வேண்டுமென்றால் தேசிய நீதித் தரவுத் தொகுப்பு இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடப்பதை மாவட்டவாரியாக அங்கே காணலாம். ஆனால் மொத்தக் கணக்கு தெரியுமே தவிர, ஆய்வு செய்பவர் கேட்கும் வழக்குவாரித் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வழக்குக்கும் கோணல் எழுத்துச் சோதனையை (கேப்ட்சா) தாண்டித் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மக்கள் பணத்தில் உருவான தரவுக்கு இந்தப் பூட்டு ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இணையத்தில் பார்த்த உத்தரவை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்கோ பத்திரப் பதிவுக்கோ போனால் அது செல்லாது. சான்று இல்லாத அச்சுப் பிரதி உங்கள் அறிவுக்கு மட்டும்தான். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், அது மட்டுமே நில உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. இணையத்தில் பட்டா பெயர் சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகப் படுத்தவர்கள் பலர், பங்காளி வழக்குப் போட்ட பிறகுதான் மூலப் பத்திரத்தைத் தேடி அலைகிறார்கள்.

நகல் பிரிவின் ஜன்னல்

இணையத்தில் எங்கள் வழக்கு இல்லை. நகல் மனு போட வழக்கு எண் வேண்டும். அது யாருக்கும் நினைவில்லை. வழக்குப் போட்ட பெரிய மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வழி காட்டியது வில்லங்கப் பட்டியல்தான். மாமா தம் பங்கை 1994-ல் பக்கத்துக் காட்டுக்காரருக்கு விற்ற கிரயப் பத்திரத்தின் எண் அதில் இருந்தது.

இந்த இடத்தில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு நமக்குத் துணை நிற்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். நீ யார், உனக்கு எதற்கு என்ற கேள்வியே கிடையாது. உயில் ஏறும் 3-ஆம் புத்தகத்துக்கும், இதர ஆவணங்கள் ஏறும் 4-ஆம் புத்தகத்துக்கும் மட்டும் கட்டுப்பாடு உண்டு. தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு ஏறக்குறைய 100 ஆண்டுக்கு முன்பே வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் இப்படியொரு திறந்த கதவு இருக்கிறது. நிலம் வாங்குபவன் ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்த கதவு அது. பதிவான பத்திரத்தின் நகலுக்குத் தகவல் உரிமை மனு போடுபவர்கள் 30 நாளை வீணாக்குகிறார்கள். சார்பதிவகத்தில் நேராகக் கேட்டால் சில நாளில் வேலை முடியும்.

மாமாவின் கிரயப் பத்திர நகல் வந்தது. இரண்டாம் பக்கத்தில் பத்திர எழுத்தரின் பழைய நடையில் நான் தேடியது இருந்தது: "ஜில்லா முன்சீப் கோர்ட்டு ஓ.எஸ். நம்பர்" என்று தொடங்கி வழக்கு எண், 1983-ஆம் ஆண்டு, இறுதித் தீர்ப்பாணைத் தேதி, அதன்படி எனக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாகக் கிடைத்து என் அனுபோகத்தில் இருந்துவரும் சொத்து என்ற வரி. பத்திரத்தின் முன்வரலாற்றுப் பகுதியை யாரும் படிப்பதில்லை. ஒரு குடும்பத்தின் வழக்கு, தானம், உயில் எல்லாம் அங்கேதான் புதைந்து கிடக்கின்றன.

அதற்குப் பிறகு நீதிமன்ற நகல் பிரிவு. அம்மா அந்த வழக்கில் நான்காம் பிரதிவாதி. தரப்பினர் என்பதால் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனுவில் வழக்கு எண், தரப்பினர் பெயர், முடிவான தேதி, எந்தெந்த ஆவணம் என்று எழுதி வில்லை ஒட்டிக் கொடுத்தோம். பழைய வழக்கு என்பதால் கட்டு ஆவண அறையிலிருந்து வர வேண்டும். வந்ததும் எத்தனை முத்திரைத் தாள் தேவை என்று கணக்கிட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். தபாலோ தொலைபேசி அழைப்போ வரும் என்று காத்திருப்பார்கள்; வராது. பலகையைப் பார்த்து உரிய நாளுக்குள் முத்திரைத் தாள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் ஊரில் இல்லையென்றால் வழக்கறிஞரின் குமாஸ்தா ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது. அவருக்குக் கொடுக்கும் தொகை வீண் செலவு இல்லை. அவர் அந்தப் பலகையை நாள்தோறும் பார்க்கிறவர்.

கையில் வந்த நகலைப் புரட்டிப் பாருங்கள். ஒரு ரப்பர் முத்திரைக்குள் ஐந்து தேதிகள் இருக்கும்: மனு செய்த நாள், முத்திரைத் தாள் கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். பலர் இதை அலுவலகச் சடங்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மேல்முறையீடு செய்ய நினைப்பவருக்கு அந்த ஐந்து தேதிகள் உயிர்நாடி. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் என்று இருக்கும் கெடுவிலிருந்து, நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துவிடச் சொல்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி. முத்திரைத் தாள் கேட்ட பிறகு நாமாகத் தாமதித்த நாட்கள் கழிவில் சேராது. இணையத்தில் இறக்கிய பிரதியிலோ, தகவல் உரிமையில் வாங்கிய பிரதியிலோ இந்த முத்திரை இருக்காது. தோற்ற வழக்கில் தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள் என்று பழைய வழக்கறிஞர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

எங்கள் நகலில் ஒரு சிக்கல் எழுந்தது. நீதிமன்றம் நியமித்த ஆணையர் வரைந்த வரைபடத்தில் பச்சை வண்ணமிட்ட பகுதி நான்காம் பிரதிவாதிக்கு என்று தீர்ப்பாணை சொல்கிறது. ஆனால் நகல் இயந்திரத்தில் எடுத்த வரைபடம் முழுக்கக் கறுப்பு. எது பச்சை, எது சிவப்பு என்று தெரியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நகல் பிரிவில் இருந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்தார். மூல வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, எல்லைக்கோடு தாண்டாமல் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் தீட்டினார். ஒவ்வொரு வண்ணத்தின் ஓரத்திலும் சுருக்கொப்பம் இட்டார். கால் மணி நேரம் ஆயிற்று. சான்றிட்ட நகல் என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது: மூலமும் இதுவும் ஒன்றே என்று ஒரு மனிதர் தம் பெயரால் பொறுப்பேற்கிறார். புதிய சாட்சியச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 76, அந்தப் பொறுப்புக்குத்தான் மதிப்புக் கொடுக்கிறது.

வழக்கில் தரப்பினர் அல்லாதவர்

இதுவரை சொன்னது தரப்பினருக்கு. ஊரில் நடந்த ஒரு வழக்கின் ஆவணத்தைச் செய்தியாளரோ அக்கறையுள்ள குடிமகனோ கேட்டால் கதை வேறு. குஜராத் உயர் நீதிமன்ற விதிகளின் 151-ஆம் விதி, மூன்றாம் நபர் நகல் கேட்டால் காரணம் காட்டிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. காரணமே கேட்கக் கூடாது என்று சொல்லும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு இது முரண் அல்லவா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 மார்ச் 4 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நம் மாநிலத்தைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி. நீதிமன்ற நடவடிக்கை சார்ந்த ஆவணங்களை நீதிமன்ற விதிகளின்படி மட்டுமே பெற வேண்டும், அந்த வழி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தை நாட முடியாது என்பது முடிவு. எனக்கு வந்த மூன்று வரிப் பதிலின் வேர் இதுதான்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்க மனமின்றியே ஏற்கிறேன். திறந்த நீதிமன்றத்தில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கக்கூடிய அறையில் நடந்த வழக்கின் தாளைப் படிக்க ஏன் காரணம் சொல்ல வேண்டும்? ஆனால் சட்டம் இன்று இப்படி நிற்கிறது. எனவே தரப்பினர் அல்லாதவர் தகவல் உரிமையில் மோதிப் பார்க்காமல், தெளிவான காரணத்தோடு பிரமாணப் பத்திரம் வைத்து நகல் மனு போடுவதே பலன் தரும். ஆராய்ச்சி, செய்தி, சொத்தின் முன்வரலாறு அறிதல் என்று உண்மையான காரணத்தை நேராக எழுதுங்கள்.

குற்ற வழக்கில் முதல் தகவல் அறிக்கை மட்டும் எளிது. 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுண்மையான வழக்குகள் நீங்கலாகக் காவல்துறைத் தளத்தில் அது ஏற்றப்பட வேண்டும். குற்றப்பத்திரிகைக்கும் அதே சலுகை கேட்ட மனுவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

தகவல் உரிமை மனு எங்கே வெட்டும்

அப்படியானால் தகவல் உரிமை எதற்கு? சான்று வாங்குவதற்கு அல்ல, அதிகாரம் எப்படிச் செயல்பட்டது என்று அறிவதற்கு. சாலைக்கு ஒதுக்கிய பணம், அளவுப் புத்தகத்தில் எழுதிய அளவு, உங்கள் மனுமீது எந்த மேசையில் யார் என்ன குறிப்பு எழுதினார், எத்தனை நாள் வைத்திருந்தார் என்பதெல்லாம் எந்த நகல் ஜன்னலிலும் கிடைக்காது. 10 ரூபாய் மனுவில் கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடிப் பெருமை உண்டு. நாட்டிலேயே முதல் தகவல் உரிமைச் சட்டம் 1997-ல் இங்கேதான் நிறைவேறியது. விதிவிலக்குகள் மிகுந்திருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்றியச் சட்டம்தான் உண்மையான ஆயுதம். 30 நாளில் பதில்; உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சார்ந்தது என்றால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டால் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். கெடு தாண்டினால் நகலுக்குக் கட்டணம் கிடையாது. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கு நம் மாநிலத்தில் கட்டணமில்லை. பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தவறிய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம்.

காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு பளிச்சென்று சொல்கிறது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் நோக்கத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற பொருள்பட எழுதிவிட்டுச் சில நாட்களிலேயே தானாக முன்வந்து அதை நீக்கிக்கொண்டது. ஆகவே எதற்குக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்டால், பணிவாக அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

மனு எழுதுவதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: ஏன் என்று கேட்கிறார்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் குடிநீர்க் குழாய் போடவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல. இருக்கும் தகவலைத் தந்தால் போதும், இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தேர்வு விடைத்தாள் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அதே மனுவை இப்படி எழுதுங்கள்: "எங்கள் தெருக் குடிநீர்க் குழாய்ப் பணிக்கான மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல் உத்தரவு, பணி ஆணை, இது தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்." அப்போது ஏன் என்பதற்கான விடை தானாக வெளியே வரும், அல்லது அப்படியொரு கோப்பே இல்லை என்பது எழுத்தில் வரும். இரண்டும் உங்களுக்குப் பயன்படும்.

இன்னும் வலுவான உரிமை ஒன்று அதிகம் பயன்படாமல் கிடக்கிறது: நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடுவது. முதல் ஒரு மணி நேரம் இலவசம். கோப்பு உங்கள் முன் மேசையில் விரியும்போது, கேட்கவே தோன்றியிராத தாள்கள் கண்ணில் படும். அவற்றைக் குறித்துக்கொண்டு நகல் கேட்கலாம். என் அனுபவத்தில் மூன்று மனுவில் கிடைக்காதது ஒருமுறை பார்வையிட்டதில் கிடைத்திருக்கிறது.

பலவீனங்களும் உண்டு. ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அவசரமாகத் தாள் தேவைப்படுபவர் இந்த வழியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதைவிடப் பெரிய அடி 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தனிநபர் தகவலாக இருந்தாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலேயே முன்பு வாசகம் இருந்தது. பொதுப் பணியோடு தொடர்பில்லாத தகவலுக்கே அந்தத் தடை பொருந்தும் என்ற வரம்பும் இருந்தது. புதிய சட்டம் அவற்றையெல்லாம் வெட்டி, தனிநபர் தொடர்பான தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இதை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். பயனாளிகள் பட்டியலில் இறந்தவர் பெயரில் யார் பணம் வாங்கினார் என்று கேட்பதும், ஒப்பந்தக்காரர் யார் என்று கேட்பதும் தனிநபர் தகவல் என்று சொல்லி மூடப்படலாம். 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது: பாதிப்பைவிடப் பொதுநலன் மிகுதி என்றால் தகவல் தரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் பெயர்கள் அடங்கிய தகவலைக் கேட்கும்போது மட்டும், இதில் உள்ள பொதுநலன் இன்னது என்று இரண்டு வரி எழுதி 8(2)-ஐக் குறிப்பிட்டுவிடுங்கள். மேல்முறையீட்டில் அந்த இரண்டு வரி கை கொடுக்கும்.

பெயர்கள் பற்றி ஒரு தயக்கம்

எல்லாம் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போகிறேன். ஆனால் ஒரு வழக்கு என்னை நிறுத்திவிடுகிறது. குற்றச்சாட்டிலிருந்து மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், தம் பெயரைக் கூகுளில் தட்டினால் அந்தத் தீர்ப்பே முதலில் வருகிறது, வாழ்க்கை நகரவில்லை என்று முறையிட்டார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வு, பெயரை நீக்கும்படியும் இந்தியன் கானூன் தளம் அந்தத் தீர்ப்பை எடுத்துவிடும்படியும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

அவருடைய வேதனை நியாயமானது. ஆனாலும் தீர்ப்பையே அகற்றுவது தவறு என்று நினைக்கிறேன். நீதிபதி என்ன காரணம் சொல்லி விடுவித்தார் என்பது அடுத்த வழக்குக்காரனுக்கு வேண்டும். பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தை மட்டும் இட்டு, தீர்ப்பை முழுதாக வைக்கலாம். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அப்படியும் அந்தத் தீர்ப்புகளை நாம் படிக்கத்தானே செய்கிறோம்.

நிர்வாகப் பக்கம்

2020 தீர்ப்பு நீதிமன்றத்தின் எல்லாக் கதவையும் சாத்திவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. வழக்குத் தாள்களுக்குத்தான் நகல் விதி. நீதிமன்ற நிர்வாகம் சார்ந்த தகவலுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இன்றும் பொருந்தும். இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமே இந்தச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2019 நவம்பர் 13 அன்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. காலிப் பணியிடம் எத்தனை, கட்டடப் பராமரிப்புக்கு என்ன செலவு, நகல் பிரிவில் எத்தனை மனுக்கள் எத்தனை நாளாகத் தேங்கியிருக்கின்றன என்று தாராளமாகக் கேட்கலாம்.

நான் இப்போது அப்படி ஒன்று கேட்டிருக்கிறேன். நீதிமன்ற ஆவணங்களுக்கு ஆயுள் உண்டு. தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுங்காலம் காக்கப்படும். மனுக்கள், சாட்சி வாக்குமூலங்கள் போன்றவை விதிப்படி அதற்கு முன்பே அழிக்கப்படும். எங்கள் கட்டில் தீர்ப்பாணையும் வரைபடமும் இருந்தன. தாத்தாவின் கையெழுத்திட்ட பதிலுரை இல்லை. அம்மா அதைத்தான் முதலில் கேட்டார். அழிக்கப்பட்டதா, வேறு கட்டில் இருக்கிறதா என்று ஜன்னலில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனவே 1980 முதல் 1990 வரையிலான உரிமையியல் வழக்குகளுக்கு ஆவண அழிப்புப் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி கேட்டு, அதே பொதுத் தகவல் அலுவலருக்கு, மறுபடி ஒரு 10 ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமையோடு 30 நாள் முடிகிறது.